இதைக் கொண்டு வருபவன்

ஆல்டர்ஹோப் பண்ணை,
வான் டீமன் தீவு,
ஆகஸ்ட் 9, 1836

அன்பு அக்கா ஜெமைமாவுக்கு,

ஹெஸ்டர் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் வலது கை விரல்கள் மட்டும் குளிரில் மடங்க மறுக்கின்றன. உன் உடம்பு எப்படி இருக்கிறது? குழந்தை நவம்பரிலா டிசம்பரிலா? அத்தானின் இருமல் நின்றதா?

ஹோபார்ட்டில் எங்கள் பள்ளியில் காய்ச்சல் பரவியதால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா எழுதியிருப்பார். படிக்க ஒன்றும் இல்லை. அலமாரியில் இருப்பதையெல்லாம் இரண்டு முறை படித்தாகிவிட்டது. ஆட்டு நோய் பற்றிய புத்தகத்தைக்கூட!

ஆனால் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நம் சாப்பாட்டு அறைதானே நீதிமன்றம். அப்பாவின் தீர்ப்புப் புத்தகத்துக்குக் கோடு போடுவதும், நீளமான நகல்களை எழுதுவதும் இப்போது நான்தான். "உன் கையெழுத்தைப் பாத்தா ஹோபார்ட்ல இருக்கறவன் எனக்குப் பெரிய குமாஸ்தா இருக்கான்னு நெனச்சுக்குவான்" என்றார் அப்பா. இந்த வருடம் அவரை மாவட்ட அமர்வுக்குத் தலைவராக்குவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது.

ஒரு சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நீதிபதி தன் பண்ணையில் வேலை செய்யும் கைதியைத் தானே விசாரிக்கக் கூடாதாம். அத்தானும் நீதிபதிதானே, அதனால் நம் ஆள் தப்புச் செய்தால் அப்பா அத்தானிடம் அனுப்புகிறார். உங்கள் ஆள் தப்புச் செய்தால் அத்தான் இங்கே அனுப்புகிறார். தன் கோபம் தன் தீர்ப்பில் கலக்காமல் இருக்க எவ்வளவு அழகான ஏற்பாடு!

நம் கைதிகளில் மேய்ப்பன் ஃபெலிம் உன்னை விசாரித்தான். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன்னைத் தோளில் வைத்து ஓடையைக் கடந்தவனாமே. அக்டோபர் வந்தால் அவனுக்கு விடுப்புச் சீட்டு. எட்டு வருடம் அவன் பெயரில் ஒரு தண்டனைகூட இல்லை. சீட்டு கையில் வந்துவிட்டால் சொந்தமாக உழைக்கலாம், அயர்லாந்திலிருந்து மனைவியையும் மகளையும் வரவழைக்க மனுப் போடலாம். மனுவை நான்தான் எழுதப் போகிறேன். மகளுக்கு என் வயதாம்.

அம்மாவின் தாவரப் புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது? கொஞ்ச நாள் தருவாயா?

உன் தங்கை,
ஹெஸ்டர்

ஸ்டேவர்லி,
ஆகஸ்ட் 21, 1836

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்து மகிழ்ந்தேன். நான் நன்றாக இருக்கிறேன். காலையில் மட்டும் எதைப் பார்த்தாலும் குமட்டல். உன் அத்தானின் இருமல் போய்விட்டது, முன்கோபம் போகவில்லை. போன வாரம் ஆட்களுக்கு முன்னால் அவர் பேச்சில் ஒரு வார்த்தை குறுக்கிட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளும்போது இதையெல்லாம் நினைவில் வை.

புத்தகத்தைத் தருகிறேன். அம்மா ஒட்டிவைத்த பூக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் கண்டவனிடமும் கொடுக்க முடியாது. பதினான்கு மைல், நடுவில் ஆறு வேறு. கவனமான ஆளாகப் பார்த்து அனுப்பு. குதிரைக்காரன் ஜோப் மட்டும் வேண்டாம். அவன் கையில் கொடுத்தால் புத்தகம் சாராயக் கடையைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வரும்.

அப்பாவின் கையை வெந்நீரில் வைக்கச் சொல். ஃபெலிமை விசாரித்ததாகச் சொல்.

ஜெமைமா

ஆல்டர்ஹோப்,
செப்டம்பர் 1, காலை

அக்காவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன், ஆள் வாசலில் நிற்கிறான். இதைக் கொண்டு வருபவன் ஃபெலிம்!

அத்தானுக்கு அப்பா ஒரு சீட்டு எழுதி முத்திரை வைத்து, குதிரைக்காரன் ஜோபிடம் கொடுத்துவிட்டு மேல்பண்ணைக்குப் போய்விட்டார். நேற்று ஜோப் குடித்துவிட்டு அப்பாவின் குதிரையை ஆற்றுக்கல்லில் ஓட்டி நொண்டியாக்கிவிட்டான். அப்பாவுக்கு அவன்மேல் பயங்கரக் கோபம். இப்போது ஜோப் கணுக்கால் சுளுக்கிவிட்டது என்று படியில் உட்கார்ந்துவிட்டான். "யாராச்சும் போனாத் தேவலாம் பாப்பா. உங்க புத்தகமும் வந்துடுமே" என்றான். அப்போதுதான் எனக்கு ஃபெலிம் நினைவு வந்தது.

ஃபெலிமுக்கு இஷ்டமே இல்லை.

"குட்டி போடற நேரம் பாப்பா. மந்தையை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"ஒரே ஒரு நாள்தானே? ஜோப் பாத்துக்குவான். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஜோப் பாத்துக்கறதா! ஆடு அவனைப் பாத்துக்கிட்டாத்தான் உண்டு."

கடைசியில் நான் அம்மாவின் பூக்களைப் பற்றிச் சொன்னதும் தொப்பியை எடுத்துக்கொண்டான். அப்பாவின் சீட்டும் இந்தக் கடிதமும் அவனிடம் இருக்கின்றன. புத்தகத்தை அவனிடமே தைரியமாகக் கொடு.

ஹெஸ்டர்

ஸ்டேவர்லி,
செப்டம்பர் 2

ஹெஸ்டர்,

நாங்கள் சுகம். புத்தகத்தை மெழுகுத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். நேற்று முழுவதும் இங்கே மழை. அவன் இரவு வைக்கோல் கொட்டகையில் தங்கினான். சூடாக ஏதாவது கொடு. இரண்டு நாளைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

எனக்குத் தலைவலி. பிறகு எழுதுகிறேன்.

ஜெ.

ஆல்டர்ஹோப்,
செப்டம்பர் 6

அக்காவுக்கு,

உன் தலைவலி எப்படி இருக்கிறது? அப்பா சுகம். நானும் உடம்பளவில் சுகம்.

ஃபெலிம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தான். நான் வேலிக்கதவு வரை ஓடினேன். புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். "நனையல பாப்பா, பிரிச்சுப் பாருங்க" என்றான். நான் அங்கேயே பிரித்துப் பார்த்தேன். ஒரு பூவும் உதிரவில்லை. நான் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. அவன் திரும்பி நடந்தபோதுதான் சட்டையைப் பார்த்தேன். அது முதுகோடு ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது.

"என்ன ஆச்சு ஃபெலிம்? விழுந்துட்டியா?"

"இல்ல பாப்பா. சீட்டைக் கொடுத்தேன். ஐயா பிரிச்சுப் படிச்சாரு. சட்டையைக் கழட்டுன்னாரு."

"எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். கேள்வி கேட்டா இன்னும் பத்துன்னாரு. அப்புறம் கேக்கல."

சமையல்காரி எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு மட்டும்தான் தெரியாதாம். அப்பாவின் சீட்டில் எப்போதும் ஒரே வரிதானாம்: 'இதைக் கொண்டு வருபவனுக்கு ஐம்பது கொடுத்துத் திருப்பி அனுப்பவும்.' பெயர் எழுதுவதில்லை, குற்றமும் எழுதுவதில்லை. விசாரணை என்று ஒன்றும் கிடையாது. அடிபட வேண்டியவன் தன் கசையடியைத் தானே பதினான்கு மைல் சுமந்து போகிறான். ஃபெலிம் எட்டு வருடமாக ஒரு தப்பும் செய்யாததால் இந்தப் பழக்கமே அவனுக்குத் தெரியவில்லை. ஜோபுக்குத் தெரியும். இரண்டு முறை போய் வந்தவன்.

அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, சீட்டை ஜோப் கொண்டு போகல. ஃபெலிம் போனான். நான்தான் அனுப்பினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு முதலில் கேட்டது இதுதான்: "மந்தையை விட்டுட்டா போனான்?"

அக்கா, அத்தானுக்கு நம் ஆட்களின் முகம் தெரியாது, சரி. நீ அப்போது எங்கே இருந்தாய்? வீட்டில் இல்லையா?

ஹெஸ்டர்

ஆல்டர்ஹோப்,
செப்டம்பர் 20

அக்காவுக்கு,

பதினான்கு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஸ்டேவர்லியிலிருந்து வந்த வண்டிக்காரன் நீ தோட்டத்தில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றான். அதனால் ஆறுதல் அடைந்தேன்.

அப்பா ஃபெலிமுக்குத் தேயிலையும் புகையிலையும் கொடுத்தனுப்பினார். ஜோப் ஒரு வாரமாக யாரும் சொல்லாமலே குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். நேற்று என்னிடம் வந்து, "அன்னிக்குக் கால் சுளுக்கல பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அவன்மேல் கோபப்படத் தெரியவில்லை. அவனைப் படியிலிருந்து எழுப்பி அனுப்பியிருந்தால் அந்த ஐம்பதும் அவனுக்கு. அது மட்டும் நியாயமாகியிருக்குமா?

இப்போது முக்கியமான விஷயம். ஐம்பது அடி கொடுத்தால் அதற்கு ஒரு குற்றம் தீர்ப்புப் புத்தகத்தில் இருக்க வேண்டுமாம். அப்பா தன் கையாலேயே எழுதிவிட்டார்: 'ஃபெலிம் டியர்னி. அனுமதியின்றி மந்தையை விட்டு நீங்கியது. ஐம்பது.'

"இது பொய் அப்பா."

"எது பொய்? விட்டுட்டுப் போனானா இல்லையா?"

"நான் அனுமதி கொடுத்தேனே!"

"அனுமதி கொடுக்க நீ யாரு?"

ஃபெலிம் போகமாட்டேன் என்றபோது, அனுமதி கொடுக்க நான் யார் என்று கேட்கவில்லை. கேட்க முடியாது.

காலாண்டு அறிக்கை மாதக் கடைசியில் ஹோபார்ட்டுக்குப் போகிறது. அந்த வரி அதில் ஏறினால் அவனுக்கு விடுப்புச் சீட்டு கிடையாது. நகல் எழுதப் போவது நான். அக்கா, அப்பா எழுதிய அந்தச் சீட்டு அத்தானின் மேசையில்தான் இருக்கும். அதை எனக்கு அனுப்பிவிடு. அதில் பெயர் இல்லை என்பதை அப்பா கண்ணால் பார்த்தால் அறிக்கையில் எழுத மனம் வராது. 30ஆம் தேதிக்குள் வந்தால் போதும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹெஸ்டர்

ஸ்டேவர்லி,
செப்டம்பர் 27

அன்பு ஹெஸ்டருக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும். இங்கே கருவேல மரங்களெல்லாம் மஞ்சளாகப் பூத்துவிட்டன. இந்த வருடம் வெண்ணெய் நன்றாகத் திரள்கிறது, ஒரு பானை அனுப்புகிறேன். குழந்தைக்கு இரண்டு தொப்பி பின்னி முடித்தேன். நீயும் ஒன்று பின்னித் தந்தால் சந்தோஷப்படுவேன். படிப்பு படிப்பு என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ கேட்ட காகிதம் எங்கே என்று தெரியவில்லை.

உன் அக்கா,
ஜெமைமா

ஆல்டர்ஹோப்,
அக்டோபர் 5

அக்காவுக்கு,

வெண்ணெய் வந்தது. நன்றி. அப்பா சுகம்.

எழுதிவிட்டேன்.

29ஆம் தேதி காலையில் அப்பா அறிக்கைத் தாளை என் முன் வைத்தார். நான் பேனாவைத் தொடவில்லை. அவர் அதட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப நான் தப்புன்னு ஒத்துக்கறேன்னு வெச்சுக்கோ. ஒரு வார்த்தை விசாரிக்காம அடிச்சோம்னு ஆகும். எனக்கு மட்டும் இல்ல, உங்க அத்தானுக்கும்."

"விசாரிச்சீங்களா அப்பா? ஒரு தடவையாவது?"

"உங்கக்கா அந்த வீட்லதான் இருக்கா. மாசமா இருக்கா. அவ புருஷன் பதவி போனா அவளைத்தான் பாத்துப் பாத்துக் குத்துவான். யோசிச்சுக்கோ" என்றார். பிறகு தானே பேனாவை எடுத்தார். விரல் மடங்கவில்லை. முதல் எழுத்திலேயே மை சிந்தியது. அவர் கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வாங்கி எழுதினேன். முப்பத்தொரு வரிகள். பத்தொன்பதாவது அவனுடையது. எல்லா வரிகளையும் போல அதுவும் அழகாகத்தான் வந்தது.

இதற்கு முன் நான் நகல் எடுத்த வரிகளையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை இப்படி வந்தவையோ!

ஞாயிற்றுக்கிழமை ஃபெலிம் மனைவிக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஊனா, நான் நல்லா இருக்கேன். இங்க மழை நல்லாப் பேஞ்சுது. குட்டிங்க பொழச்சுக்கிச்சு. விடுப்புச் சீட்டு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு பேசிக்கறாங்க."

"ஏன்னு எழுதவா?" என்றேன்.

"வேணாம் பாப்பா. அவ ஏதோ நான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சுக்குவா. இல்லேன்னு சொல்ல நான் பக்கத்துல இல்லையே."

அறிக்கையில் அந்த வரியை நான் எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது, அக்கா. அந்தப் பேனாவாலேயே ஊனாவுக்கும் எழுதினேன்.

ஹெஸ்டர்

ஸ்டேவர்லி,
நவம்பர் 22

என் ஹெஸ்டர்,

பெண் குழந்தை. பதினாறாம் தேதி பிறந்தாள். நாங்கள் இருவரும் பிழைத்துக்கொண்டோம். அம்மாவின் பெயர் வைக்க வேண்டும் என்றேன். உன் அத்தான் தன் தாயார் பெயரை வைத்திருக்கிறார்.

நான் வீட்டில் இல்லையா என்று நீ கேட்டாய். இரண்டரை மாதமாக அந்தக் கேள்வியோடு படுத்து எழுந்திருக்கிறேன். இருந்தேன். ஃபெலிம் முதலில் சமையலறை வாசலுக்குத்தான் வந்தான். "எம்மாம் பெருசா ஆயிட்டீங்க ஜெமைமாம்மா, இனிமே தோள்ல தூக்க முடியாது" என்று சிரித்தான். உன் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டோடு முற்றத்துக்குப் போனான். நான் உடனே பிரித்துப் படித்தேன். ஜோபின் குதிரை, ஜோபின் கால், எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடித்தபோது அவனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவு வரை போனேன். உன் அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார். ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். உள்ளே வந்து புத்தகத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன். எண்ணிக்கை முடியும்வரை சுற்றிக்கொண்டே இருந்தேன்.

காகிதம் எங்கே என்று தெரியாது என்று எழுதினேன். தெரியும். இதோ அனுப்பியிருக்கிறேன். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் அனுப்புகிறேன். இவளைக் கையில் வைத்துக்கொண்டு இனி என்னால் அதை ஒளித்துவைக்க முடியவில்லை. உனக்குச் சரியென்று பட்டதைச் செய். என்னை நினைத்து நிறுத்தாதே.

ஜெமைமா

ஆல்டர்ஹோப்,
ஜனவரி 30, 1837

அக்காவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? பத்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இந்தத் தடவை ஏன் என்று எனக்குத் தெரியும். அத்தான் உன்னை என்ன சொன்னாரோ, அதை மட்டும் அனுமானிக்க முடியவில்லை.

நீ அனுப்பிய சீட்டையும், நடந்ததை மூன்று பக்கத்தில் என் பெயர் போட்டு எழுதியதையும் டிசம்பர் தொடக்கத்தில் ஹோபார்ட்டுக்குத் தபாலில் போட்டேன். அங்கே ஒரு பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிப்பார் என்று தினமும் கற்பனை செய்தேன். ஒருவேளை படித்திருக்கலாம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் அந்த மூன்று பக்கங்களும் அப்பாவின் மேசைக்கே திரும்பி வந்தன. ஓரத்தில் ஒரு வரி: 'மாவட்ட நீதிபதி விசாரித்து அறிக்கை அனுப்பவும்.'

ஒரு நீதிபதி தன் விஷயத்தைத் தானே விசாரிக்கக் கூடாதல்லவா? அதனால் அப்பா அதை அத்தானுக்கு அனுப்பினார். அத்தான் ஒரே நாளில் விசாரித்துவிட்டார். 'அதிகம் படிக்கும் சிறுமியின் கற்பனை. மேற்படி கைதி அவள் மனதைக் கலைத்திருக்கிறான்.' போன வாரம் அப்பா மாவட்ட அமர்வின் தலைவரானார். வீட்டில் விருந்து நடந்தது.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மைக்கூட்டை மட்டும் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். கோடு போட இப்போது ஒரு குமாஸ்தா வருகிறார். திங்கட்கிழமை நான் பள்ளிக்குத் திரும்புகிறேன்.

இன்று காலை நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஃபெலிம் கொல்லைப்புறம் வந்து நின்றான். கையில் முத்திரை வைத்த கடிதம். ஆற்றுப் பாலம் கட்டும் கைதிகளின் சாலைக்கூட்டத்தின் மேற்பார்வையாளருக்கு.

"கொண்டு போன்னாரு ஐயா. பாப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?"

அப்பாவின் சிவப்பு முத்திரை. சின்ன வயதில் அது சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்க்க எனக்கு ஆசை. கட்டைவிரலால் உடைத்தேன். படித்தேன்.

"இதைக் கொண்டு வருபவனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும். கால்விலங்குடன். ஓராண்டு."

அவன் தாளை எட்டிப் பார்த்தான். "என் பேரை எழுதியிருக்கற இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றான்.

"உன் பேர் இல்ல ஃபெலிம்."

"இல்லவே இல்லையா?" அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பை எழுதத் தெரியவில்லை. "அப்ப யார் வேணா கொண்டு போலாம்."

லாயத்து வாசலில் ஜோப் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஃபெலிம் அவனைப் பார்த்தான். ஜோப் துடைப்பதை நிறுத்திவிட்டான். "கால் நல்லாத்தான் இருக்கு, ஃபெலிம்" என்றான். கையை நீட்டினானா, சும்மா நின்றானா என்று எனக்கு இப்போதுகூடச் சரியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன். அறிக்கையை எழுதியது நான் என்று. ஃபெலிம் தலையாட்டினான். "தெரியும் பாப்பா. இங்க வேற யாருக்கு அவ்ளோ அழகா எழுத வரும்?" கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, சட்டைக்குள் வைத்தான். புத்தகத்தை அணைத்து வந்த அதே நெஞ்சில். ஊனாவுக்கு எழுதச் சொன்னான், மழை நன்றாகப் பெய்தது என்று. நவம்பரிலிருந்து இங்கே மழையே இல்லை. பிறகு ஆற்றுப் பக்கமாக நடந்து போய்விட்டான்.

அம்மாவின் புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பூவும் உதிரவில்லை. இந்தக் கடிதத்துக்கு நான் முத்திரை வைக்கவில்லை. அத்தான் படித்தால் படிக்கட்டும். கொண்டு வருபவனுக்கு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். தன் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னான். எழுதுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

ஹெஸ்டர்

இதைக் கொண்டு வருபவன் பெயர் ஜோப் நெய்லர். கடிதமும் புத்தகமும் கொடுக்க மட்டுமே வந்திருக்கிறான்.